மூன்றாவது ராஜாவின் கோட்டை

தெரேஸ் அத்தை குதிரையைத் தூக்க மாட்டார். அதன் பின்பக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்து மெல்லத் தள்ளுவார்.

"ராஜா வழிநடையா வர்றாரு. தூக்கிக் கொண்டாந்து வெச்சா அது இன்னா நடை?" என்பார்.

ஒரு நாளைக்கு ஒரு சாண். சாயங்காலச் செபம் முடிந்து, மெழுகுவத்தியை ஊதி அணைப்பதற்கு முன்னால் அது நடக்கும். தரையில் விரித்த நீலத் தாளின் மேல் குதிரையின் பிளாஸ்டிக் குளம்புகள் சர்ரென்று உரசும். நான் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் அழுத்தி, குதிரையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன்.

அங்கிருந்து பார்த்தால் அது அத்தையின் முன்னறையாகவே தெரியாது. நாற்காலிக் கால்கள் அடிமரங்களாக நிற்கும். அறையின் மறுகோடியில், வைக்கோல் கூரை போட்ட குடிலுக்குள் ஒரு சின்ன பல்பு எரியும். அதற்கும் குதிரைக்கும் நடுவில் கிடக்கிற தூரம் முடிவே இல்லாததுபோல் தெரியும். இவ்வளவு தூரத்தை ஒரு மனுஷன் எப்படிக் கடப்பான் என்று நிஜமாகவே கவலைப்படுவேன்.

அந்தக் குதிரையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த வீரனும் என்னுடையவர்கள். அவர்கள் புறப்பட்டு வந்த கோட்டையும் என்னுடையதுதான். கிறிஸ்துமஸுக்காக அத்தைக்கு இரவல் கொடுத்திருந்தேன். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு.

"முழுசா இருக்கா, ஆன்ட்டி?"

போன வாரம் இந்தத் தொடரை ஆலைச் சங்கோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் எங்கள் தெருவின் குழாயடிச் சண்டைகளை எழுதுவதாக இருந்தேன். நடுவில் ஒரு தம்பி வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டான்.

ரெட்டியார்பாளையத்தில் இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்குப் பெரிய பைக் ஒன்றில் வந்து இறங்கினான். கம்ப்யூட்டர் வேலை. ஓய்வு நேரத்தில் பழைய கட்டுமான பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பானாம். என் கொழுந்தனார் மகன் எங்கள் வீட்டு அலமாரியைப் படம் எடுத்து எங்கோ போட, அதில் மூலையில் தெரிந்த கோட்டையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பொம்மை பார்க்க ஒரு ஆம்பளைப் பிள்ளை அரை நாள் லீவு போட்டு வருவான் என்று என்னிடம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கோட்டையைக் கீழே இறக்கி வைத்தேன். அவன் கையைக் கழுவிவிட்டு வந்துதான் தொட்டான். அதிலேயே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

சாம்பல் நிறச் சுவர்கள். நான்கு மூலையிலும் கோபுரம். முன்னால் சங்கிலியில் தொங்கும் தூக்குப் பாலம். மேலிருந்து கீழே இறங்கும் கம்பிக் கதவு. மஞ்சள் முகத்தோடு சின்னச் சின்ன வீரர்கள், ஒவ்வொருவன் கையிலும் ஈட்டியோ கேடயமோ. "நம்மூர் ஆளுங்க கையில இப்டி ஒரு செட்டு இருக்கும்னு நான் நெனச்சே பாக்கல ஆன்ட்டி. இடைக்காலக் கோட்டைன்னா இதுதான் கோட்டை. இப்ப வர்றதெல்லாம் சும்மா" என்றான்.

பிறகு தூக்குப் பாலத்துக்கு மேலே குனிந்து பார்த்து, "இது கறையா?" என்றான்.

"கறையில்ல தம்பி, பொட்டு."

அவனுக்குப் புரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்றேன்.

அவன் தன் பையிலிருந்து, கோட்டையில் இருப்பது போன்ற புதுப் பிளாஸ்டிக் கல் ஒன்றை எடுத்தான். போன மாதம் வாங்கியதாம். அதை என் கோட்டைச் சுவரின் மேல் வைத்து அழுத்தினான். 'டக்' என்றது. அதே சத்தம். நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் எந்தச் சத்தத்தைக் கேட்டேனோ, அதே 'டக்'. இது எங்கேயோ யாரோ எப்போதோ செய்தது, அது அவன் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு வேறு யாரோ செய்தது. இரண்டும் ஒன்றை ஒன்று தெரிந்துவைத்திருந்தது மாதிரி சேர்ந்துகொண்டன. என் தங்கையும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தும் இந்த அளவுக்கு ஒத்துப்போனதில்லை. நான் அந்தக் கல்லை விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

"முழுசா இருக்கா, ஆன்ட்டி?" என்று அவன்தான் கலைத்தான்.

"இல்ல. ஒரு குதிரையும் அதுமேல இருந்தவரும் இல்ல."

"தொலஞ்சு போச்சா?"

"தொலையல. எங்க பக்கத்து வீட்டு அத்தையோட குடும்பத்துகிட்ட, பிரான்சுல இருக்காரு. வருஷா வருஷம் டிசம்பர்ல அவருக்கு வேலை இருக்கு."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். காபி போட்டு உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுத்தே இல்லாத புத்தகம்

அப்போது நாங்கள் டவுனுக்குள், ஆலைக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தறியில் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் தெரேஸ் அத்தையின் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அத்தையின் வீட்டுக்காரர் அப்படி இருந்து, ஊர் திரும்பி, நான் பிறப்பதற்கு முன்னாலேயே காலமாகிவிட்டார். வீட்டுக்குப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவர்களுக்கு ஒரே மகன், அந்துவான் அண்ணன். அவரும் அந்தப் பட்டாளத்துக்கே போனார். லீவுக்கு வரும்போது பெட்டியைத் திறந்தாலே தெருவில் சோப்பு வாசனை அடிக்கும்.

ஒரு தடவை அந்தப் பெட்டியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி வெளியே வந்தது. மேலே கோட்டைப் படம், அதைச் சுற்றிக் குதிரைகள். "எங்க வீட்ல வெளையாட ஆளில்ல. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ ஒருத்திதான இருக்கே" என்று என் கையில் கொடுத்தார். தங்கை அப்போது தொட்டிலில் கிடந்தாள். நான் நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. அனேகமாகச் சொல்லியிருக்க மாட்டேன், வாய் திறந்தபடி நின்றிருப்பேன்.

அதைக் கட்டியது நானும் அப்பாவும். இரவு ஷிஃப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத் துகளோடு வந்தவர், தூங்கப் போகாமல் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். முதல் படத்தில் நாலு கல், அடுத்ததில் எட்டு, அப்படியே வளர்ந்து கடைசிப் பக்கத்தில் முழுக் கோட்டை.

அப்பா முன்னும் பின்னும் புரட்டினார். "ஒரு எழுத்து கூட இல்ல பாரேன்" என்றார். மறுபடி புரட்டினார். "தமிழும் இல்ல, பிரெஞ்சும் இல்ல, இங்கிலீசும் இல்ல. ஆனா எல்லாம் சொல்லிட்டான். எவன்டா இவன்!"

அந்த 'எவன்டா இவன்' இன்றும் என் காதில் இருக்கிறது. அப்பா அப்படி யாரையும் வியந்து நான் கேட்டதில்லை.

கட்டி முடித்ததும் பிரச்சினை வந்தது. அப்பாவுக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். கோட்டை என்றால் அவருக்கு மலைமேல்தான் இருக்க வேண்டும். "மலையில்லாம இன்னா கோட்டை? எதிரி நடந்தே வந்துடுவான்" என்று அம்மாவின் பெரிய அண்டாவைக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போர்த்தி, அதன் உச்சியில் கோட்டையை ஏற்றி வைத்தார். நாலு நாள் அம்மா சின்னப் பாத்திரத்தில் வெந்நீர் போட்டாள்.

இன்னொரு அதிர்ச்சியும் காத்திருந்தது. அந்தக் கோட்டையைப் பின்பக்கத்தில் கீல் வைத்து, இரண்டாகப் பிளந்து திறக்கிற மாதிரி செய்திருந்தார்கள், உள்ளே வைத்து விளையாடுவதற்காக. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "கோட்டைய எவனாச்சும் நடுவுல தொறக்கற மாதிரி கட்டுவானா? எதிராளிக்கு ஒரு வேலையும் வெக்கலியே!"

ஆயுத பூசை வந்தது. அப்பா தன் சைக்கிளுக்கு, திருப்புளிக்கு, அம்மாவின் அரிவாள்மனைக்கு எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவர், கோட்டையைப் பார்த்து நின்றார். "உள்ள ஈட்டி, வாளு, கேடயம் எல்லாம் இருக்குது. இதைவிட ஆயுதம் வேறென்ன?" என்று வாசலுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தார். குங்குமத்தை எண்ணெயில் குழைத்திருந்தார் போலிருக்கிறது. இன்றுவரை போகவில்லை. அந்தத் தம்பி கறை என்று நினைத்தது இதைத்தான்.

ஏரோதுக்குத் தர மாட்டேன்

மறு வருடம் டிசம்பர். அத்தை வீட்டுக் குடிலைப் பார்க்க எங்கள் தெரு மட்டுமல்ல, பக்கத்துத் தெருவும் வரும். பழுப்புத் தாளைக் கசக்கி மலை, முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்துக் குளம், தட்டில் கேழ்வரகு விதைத்து முளைத்த பச்சைப் புல். மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, இடையர்கள் எல்லாம் வீட்டுக்காரர் காலத்துச் சுண்ணாம்பு பொம்மைகள்.

மற்ற வீடுகளில், பிறந்த குழந்தையைக் கும்பிட வந்த மூன்று ராஜாக்களை, ஜனவரி முதல் வாரத்தில் வரும் அவர்கள் திருநாளன்று கொண்டுவந்து குடிலில் வைத்துவிடுவார்கள். அத்தை வீட்டில் அப்படியில்லை. வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. ராஜாக்கள் கிறிஸ்துமஸ் அன்று அறையின் எதிர் மூலையிலிருந்து கிளம்ப வேண்டும். தினம் ஒரு சாண் நடக்க வேண்டும். தங்கள் திருநாளன்று குழந்தையிடம் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்த பிறகுதான் குடிலைப் பிரிக்கலாம்.

முந்தின வருடம் குடில் பிரிக்கும்போது சாம்பல் பூனை ஒன்று குறுக்கே ஓடி, மூன்றாவது ராஜாவைத் தள்ளித் தலையை உடைத்துவிட்டது. அதனால் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, "பாப்பா, ஒன்னோட கோட்டையக் குடுத்தா ஏரோது அரண்மனையா வெச்சுக்குவேன். ஒரு குதிரக்காரனையும் குடு, ராஜா கொறையுது" என்று கேட்டார்.

ஏரோது குழந்தைகளைக் கொன்ற ராஜா என்று அத்தையே எனக்குக் கதை சொல்லியிருந்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கெட்ட ராஜாவுக்கு என் கோட்டையத் தர மாட்டேன்."

"ஏய், பெரியவங்க கேக்கறாங்க" என்று அம்மா அதட்டினாள்.

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் யோசித்தார். "சரிடி. ஏரோதுக்கு வேணாம். மூணாவது ராஜாவோட வீடுன்னு வெச்சுக்கலாமா? அவர் அங்கேந்துதான் கெளம்பறாரு. சம்மதமா?"

சம்மதம். எதிர் மூலையில் ஸ்டூல் போட்டு, சாக்கு போர்த்தி, அதன் மேல் கோட்டை ஏறியது. மலை வேண்டும் என்று அப்பா சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லி அனுப்பியிருந்தார். அத்தை பிஸ்கட் பாக்கெட்டின் தங்கத் தாளை வெட்டி, வீரனின் இரும்புத் தொப்பியைச் சுற்றிக் கிரீடமாக ஒட்டினார். தூக்குப் பாலத்தை இறக்கி வைத்தார். ராஜா புறப்பட்டார்.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்துவான் வர்றான். லீவு குடுத்துட்டாங்களாம். குடிலப் பாத்தா அசந்துடுவான்" என்றார் அத்தை. அண்ணன் படுக்கைக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்.

வழியில் நின்றவர்

அந்துவான் அண்ணன் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

"ராஜாக்கள் திருநாளுக்குள்ள வந்துடுவான்" என்றார் அத்தை. தினமும் மூன்று ராஜாக்களும் ஒரு சாண் நகர்ந்தார்கள். திருநாளுக்கு முந்தின நாள் மூவரும் கண்ணாடிக் குளத்துக்கு அருகே வந்துவிட்டார்கள். குடிலுக்கு இன்னும் ஒரு சாண்தான் பாக்கி.

திருநாளன்று சுண்ணாம்பு ராஜாக்கள் இருவரையும் அத்தை குழந்தையின் காலடிக்குத் தள்ளி வைத்தார். மூன்றாவது குதிரையின் மேல் விரலை வைத்தார். எடுத்துவிட்டார்.

"இவர் நாளைக்கு வரட்டும்" என்றார்.

மறுநாளும் நகர்த்தவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

எனக்கு அப்போது என் கவலை. பொங்கலுக்கு மாமா வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களிடம் என் கோட்டையைப் பற்றி வண்டி வண்டியாக அளந்து வைத்திருந்தேன். வீட்டில் கோட்டையே இல்லையென்றால் என் மானம் என்ன ஆவது? அம்மாவிடம் கேட்டேன். "வாயத் தொறக்காதே" என்றாள். நான் கேட்கவில்லை. நேரே போய், "அத்தை, கோட்டைய எடுத்துக்கட்டா?" என்றேன்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"அவர் வழியில நிக்கறாரு பாப்பா. வீட்ட எடுத்துட்டா, திரும்பிப் பாத்தாக் கூட ஒண்ணும் இருக்காதே."

அதட்டியிருந்தால் நான் அடம் பிடித்திருப்பேன். அவர் குரலில் இருந்தது கெஞ்சல். பெரியவர்கள் என்னிடம் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வந்துவிட்டேன். மாமா பிள்ளைகள் என்னைப் புளுகுணி என்றார்கள்.

அண்ணனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அத்தை கடற்கரைப் பக்கம் இருந்த பிரெஞ்சு அலுவலகத்துக்குப் போய்ப் போய் வந்தார். கெட்ட செய்தி ஒன்றும் வரவில்லை, அதற்கு மேல் தெரியாது என்றார்கள். கெட்ட செய்தி இல்லை என்பதை அத்தை ஒரு பொருளைக் கொண்டுவருவது மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்து அம்மாவிடம் சொல்வார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அத்தை வீட்டுக் கதவு திறந்திருந்தது. அத்தை தரையில் உட்கார்ந்து குதிரையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சாப்டியா? இவ்ளோ தூரம் வந்துட்டே. இன்னும் ஒரு சாண்தான..."

வழியில் நிற்பது யார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கட்டைவிரல் உயரம் கூட இல்லாத பிளாஸ்டிக் வீரன் மேல் ஒரு தாய் தன் உயிரைத் தூக்கி வைத்திருந்தார். அதுவரை என் பொம்மையை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்க்கவே பயமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டது. குடில் அப்படியே இருந்தது. கேழ்வரகுப் புல் மஞ்சளடித்துச் சாய்ந்தது. சில நாளில் புதுத் தட்டில் பச்சையாக முளைத்து நின்றது. அத்தை விதைக்கவில்லை. சாமி அறையில் விளக்கேற்றிவிட்டு எங்கள் அம்மாதான் கேழ்வரகை ஊறப்போட்டு, தட்டில் தூவி, சுவரைச் சுற்றிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மாதா கோயில் சாமியார் ஒருநாள் வீடு மந்திரிக்க வந்தார். "என்ன தெரேசம்மா, தவக்காலத்துல குடிலா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"மூணாவது ராஜா வரலியே சாமி. வழியில இருக்காரு."

சாமியார் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. தீர்த்தத்தை எடுத்து வீட்டுக்குத் தெளித்தவர், கடைசியில் மண்டியிட்டு, அந்தக் குதிரைக்கும் ஒரு துளி தெளித்துவிட்டுப் போனார்.

பெரிய வெள்ளிக்கு முன்னால் கோயிலில் சாமி சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். அத்தையும் தன் ஊதாச் சேலை ஒன்றை எடுத்துக் குடில் முழுவதையும் மூடினார். மாதா, சூசையப்பர், மாடு, வந்து சேர்ந்த இரண்டு ராஜாக்கள், எல்லோரும் உள்ளே. குதிரை மட்டும் வெளியே நின்றது.

"இவருக்கு?" என்றேன்.

"நடக்கறவருக்குக் கண்ண மூடலாமா?" என்றார் அத்தை.

கத்திரி வெயிலில் ஒரு குடில்

ஈஸ்டரும் போயிற்று. சேலையை எடுத்தாயிற்று. கத்திரி வெயில் ஆரம்பித்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாகிவிட்டது.

அன்று காலை அத்தை பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனார். சாம்பல் பூனை மறுபடி அந்தப் பக்கம் நடமாட ஆரம்பித்திருந்ததால் என்னைக் காவலுக்கு வைத்தார். "குதிரகிட்ட விடாத. நகத்தவும் நகத்தாத" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். நான் விசிறிமட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா மணி கேட்டது. யாரோ இறங்குகிற சத்தம். பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம், ஒரு கால் இழுபடுகிற சத்தம், மறுபடி 'டொக்'.

அந்துவான் அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கக்கத்தில் ஊன்றுகோல். ஆள் பாதியாக இளைத்திருந்தார். எனக்கு அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அம்மா எங்க பாப்பா?"

"மீன் வாங்க..." என்று ஊன்றுகோலையே பார்த்தேன்.

வெயிலிலிருந்து வந்த கண் பழகியதும் அவர் அறையைப் பார்த்தார். "இன்னாது, மே மாசத்துல குடிலு?" என்று சிரித்தார்.

"மூணாவது ராஜா இன்னும் வரலண்ணே" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "நீங்க வரலன்னுட்டு அத்தை அவர அங்கியே நிறுத்திட்டாங்க. கோட்டையும் தரல. பேசுவாங்க அவருகிட்ட. சாப்டியான்னு கேப்பாங்க."

அண்ணன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து, மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு, மெல்லத் தரையில் இறங்கி உட்கார்ந்தார். தங்கத் தாள் கிரீடம் வைத்த அந்த வீரனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் வழிந்ததை அவர் துடைக்கவே இல்லை.

"நீ நகத்திடேன்" என்றார்.

"ஐயோ மாட்டேன். அத்தை கொன்னுடுவாங்க."

அவர் அழுகையோடு சிரித்தார்.

தெருவில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது. வாசலில் நின்றுவிட்டது. வாசற்படியில் கிடந்த பெரிய ஷூக்களை அவர் பார்த்திருக்க வேண்டும். கூடையோடு உள்ளே வந்தார். மகனைப் பார்த்தார். ஊன்றுகோலைப் பார்த்தார். கத்தவில்லை. ஓடிவரவும் இல்லை. எங்களைத் தாண்டி நேரே பின்கட்டுக்குப் போனார்.

தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. அத்தை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார், மீன் வாடை போக.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குடில் முன்னால் மண்டியிட்டார். குதிரையின் பின்னால் ஆள்காட்டி விரலை வைத்தார். குதிரை கண்ணாடிக் குளத்தைச் சுற்றி, அம்மா விதைத்த புல்லைத் தாண்டி, வைக்கோலின் மேல் ஏறியது. அங்கே சாயப் பார்த்தது. இடக்கையால் தாங்கிக்கொண்டார். கடைசிவரை தூக்கவே இல்லை. குழந்தையின் காலடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் அதற்குப் பிறகு எத்தனையோ கோயிலில் எத்தனையோ தேர் நிலைக்கு வந்ததைப் பார்த்துவிட்டேன். இப்படி மெய் சிலிர்த்ததில்லை.

அதன் பிறகுதான் மகன் பக்கம் திரும்பினார். பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டார்.

"ஏன்டா, ஒரு வார்த்த எழுதப்படாதா?"

"வண்டி கவுந்துடுச்சும்மா. இத்தன மாசமா ஆஸ்பத்திரி. சொன்னா பயந்துடுவியேன்னு நான்தான் யாரையும் சொல்லவிடல."

"பயந்துடுவேனா? இப்ப மட்டும் நான் இன்னா பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சே?" என்று கேட்டுக்கொண்டே அடித்த கன்னத்தைத் தடவினார். பிறகு மகன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் விசிறிமட்டையால் இருவருக்கும் விசிறினேன்.

மறுநாள் குடிலைப் பிரித்தார்கள். அத்தை சுண்ணாம்பு பொம்மைகளைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். என் கோட்டையை ஈரத் துணியால் துடைத்து, தூக்குப் பாலத்தை மூடி, என் கையில் கொடுத்தார். அப்பாவின் பொட்டை மட்டும் துடைக்காமல் விட்டிருந்தார். பிறகு தங்கக் கிரீடத்தோடு குதிரையை நீட்டினார்.

"இந்தா பாப்பா. இவரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

இத்தனை மாதமாக நான் கேட்டுக் காத்திருந்த கோட்டை என் கையில் இருந்தது. அத்தையின் தோளுக்குப் பின்னால், புது விரிப்பு போட்ட கட்டிலில் அண்ணன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் கையை நீட்டவில்லை.

"ராஜா இங்கியே இருக்கட்டும் அத்தை" என்றேன். "இப்பதான வந்தாரு."